விளக்கேற்றிய குறுக்குக் கம்பி

தொலைநோக்கி இருக்கும் வீட்டிற்கு வருகின்ற அன்பர்கள் முதலில் குழலைத் தட்டிப் பார்ப்பார்கள், பிறகு, "இதில் எவ்வளவு தூரம் தெரியும்?" என்று வினவுவார்கள். அடுத்தபடி, பெட்டியில் அடுக்கியுள்ள கண்ணருகு வில்லைகள் அவர்கள் பார்வையில் படும். அவற்றுள் ஒன்றின் விலாவில் சுண்டுவிரல் அளவில் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருகினால் உள்ளே செந்நிறக் கோடுகள் ஒளிரும். அதைக் கண்டு, "இது எதற்கு?" என்று கேளாதவர் இல்லை. இதன் வழியே பார்த்தால் சனி பெரிதாகத் தெரியுமா? தெரியாது. சந்திரன் அழகாக இருக்குமா? கோடு குறுக்கே விழும். அப்படியானால் கோடு போட்ட ஒரு கண்ணாடிக்கு இத்தனை விலை ஏன்? கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை காண நமக்கு ஓராண்டு ஆயிற்று. அதனை நம் சங்கத்து இதழில் எழுதி வைத்தால், குழந்தைகளுக்குத் தொலைநோக்கி வாங்கித் தர எண்ணும் குடும்பங்கள் சிலவற்றுக்கேனும் பயன்படக்கூடும்.

தொலைநோக்கியில் உள்ள ஆடி, விண்மீனின் பிம்பத்தை ஓரிடத்தில் குவிக்கிறது. பிம்பம் விழும் அதே தளத்தில் இரண்டு மெல்லிய இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்திவிட்டால், கண்ணருகு வில்லை இரண்டையும் ஒருங்கே பெருக்கிக் காட்டும். அப்போது விண்மீன் நடுவில் இருக்கிறதா, இம்மி விலகியிருக்கிறதா என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். பள்ளியில் பௌதிகச் சோதனை செய்தவர்களுக்குக் 'குறுக்குக் கம்பி' என்ற பெயர் நினைவிருக்கும். அதுவேதான் இது.

இதனை முதன்முதல் கண்டவர் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த வில்லியம் காஸ்காய்ன். 1639ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அவர் திறந்து வைத்திருந்த கருவிக்குள் சிலந்தி ஒன்று இழை ஓட்டிவிட்டதாம். வில்லை வழியே பார்த்தபோது அந்த இழை, தொலைவில் இருக்கும் பொருளோடு சேர்ந்து தெளிவாகத் தோன்றியது. மற்றவர் துடைத்து எறிந்திருப்பார்கள். அவர் அதையே அளவுகோலாக்கினார். இரவில் இழை தெரியாமற்போனால், கூண்டு விளக்கில் மெழுகுவத்தி ஏற்றிக் குழலுக்குள் சிறிது வெளிச்சம் விழும்படி செய்யும் உபாயத்தையும் அவர் தம் கடிதத்தில் குறித்திருக்கிறார். ஆகவே குறுக்குக் கம்பிக்கு விளக்கேற்றுவது இன்றைய கடைக்காரர் கண்டுபிடித்த புதுமை அன்று. கம்பி பிறந்தபோதே விளக்கும் கூடப் பிறந்துவிட்டது. பாவம், காஸ்காய்ன் 1644இல் மார்ஸ்டன் மூர் என்னும் இடத்தில் நடந்த உள்நாட்டுப் போரில் மாண்டார்.

இக்கம்பி நம் நாட்டிற்கும் நம் ரயில்வேக்கும் செய்த தொண்டு சிறிதன்று. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை நுங்கம்பாக்கத்தில் விண்மீன் நோக்கு நிலையம் ஒன்றை நிறுவினர். அங்கே தென்வடலாக மட்டும் சுழலும் தொலைநோக்கியின் குவியத் தளத்தில் செங்குத்தான இழைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். நோக்குபவர் கடிகாரத்தின் 'டிக் டிக்' ஒலியைக் காதால் எண்ணிக்கொண்டே, விண்மீன் ஒவ்வோர் இழையையும் கடக்கும் கணத்தைக் கண்ணால் பிடிப்பார். அந்தக் கணக்கிலிருந்து கிடைத்ததே 'சென்னை நேரம்'. இந்திய ரயில்வேக்கள் நெடுங்காலம் அந்த நேரத்தின்படியே வண்டிகளை ஓட்டின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. அது சென்னை நேரத்துக்குச் சுமார் ஒன்பது நிமிடம் முந்தியது. கால அட்டவணையோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்கும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு, அந்த அட்டவணையின் வேர் ஒரு சிலந்தி இழையில் இருக்கிறது என்று அறிவதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

மற்றொரு செய்தி. தென் வானத்தில் 'ரெட்டிகுலம்' என்று ஒரு சிறு விண்மீன் மண்டலம் இருக்கிறது. 1751, 1752ஆம் ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென் வானத்து விண்மீன்களைக் கணக்கிட்ட பிரெஞ்சு அறிஞர் லக்காய், தம் கண்ணருகு வில்லையில் இருந்த சாய்சதுரக் கம்பி வலையை நன்றியோடு நினைத்து அப்பெயரை இட்டார். அந்த மண்டலத்தில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்று உண்டு. அதன் மாறுதலை 1867இல் கண்டறிந்தவர் யார் தெரியுமா? நுங்கம்பாக்கம் நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார். குறுக்குக் கம்பியின் பெயர் தாங்கிய மண்டலத்தில், குறுக்குக் கம்பியால் பிழைத்த ஒரு நிலையத்தில், நம்மவர் ஒருவர் கண்ட விண்மீன் அது. சென்னையில் அது தென்திசையில் பதினான்கு பாகை உயரம் வரை எழும். நாம் வாழும் நாகபுரியிலோ ஆறு பாகைதான். இவ்வூர்ப் புகையிலும் தூசியிலும் அதனைத் தேடுவது வீண் வேலை.

சென்னையிலிருந்து நாகபுரிக்கு ரயிலில் வருபவர்கள் ஹிங்கன்காட் நிலையத்தைக் கடந்துதான் வருகிறார்கள். அவ்வூரில் லாம்டன் துரையின் சமாதி இருக்கிறது. 1802இல் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து, நாடு முழுதையும் முக்கோண முக்கோணமாக அளக்கத் தொடங்கியவர் அவர். அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலின் மீது ஏற்றப்படும்போது மோதி நெளிந்துபோக, அவரே பல வாரம் உட்கார்ந்து அதைச் சீர்செய்தார். நாகபுரியை நோக்கி வரும் வழியில் 1823இல் ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார். அவர் கருவியிலும் நடுவில் இருந்தது இந்தக் குறுக்குக் கம்பிதான். பிழைப்பை நாடி நாம் ஓரிரவில் கடந்து வரும் வழியை அவர் இருபது ஆண்டுகளில் கம்பி வழியே பார்த்துப் பார்த்து வந்தார்.

இனி நம் கதைக்கு வருவோம். நம்மிடம் உள்ளது 150 மில்லிமீட்டர் அகலமும் 750 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உள்ள ஆடித் தொலைநோக்கி. அதன் தாங்கிக்குத் துருவ அச்சு ஒன்று உண்டு. அந்த அச்சு வானத்தின் வட துருவத்தைச் சரியாக நோக்கினால், ஒரு சிறு மோட்டார் மட்டுமே விண்மீனைப் பின்தொடர்ந்து குழலைத் திருப்பிக்கொண்டிருக்கும். நோக்காவிட்டால், மோட்டார் ஓடினாலும் பொருள் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடும். துருவ விண்மீனைப் பார்த்து அச்சை நிறுத்துவதே எல்லோரும் கைக்கொள்ளும் வழி. நாகபுரியில் அது இருபத்தொரு பாகை உயரத்திலேயே நிற்கிறது. நம் குடியிருப்பின் மாடியில் அந்த உயரத்தை, அந்தத் திசையில், ஒரு தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. காந்தத் திசைகாட்டியைக் கொண்டு வடக்கை அறியலாம் என்றால், தளத்தினுள் உள்ள இரும்புக் கம்பிகள் ஊசியைத் தம்பால் இழுக்கின்றன. ஒரு மூலையில் ஒரு வடக்கு, மறு மூலையில் வேறொரு வடக்கு!

கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறோம். ஒரு பாகைக்கு அறுபது கலை, ஒரு கலைக்கு அறுபது விகலை என்பது பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் அறிந்ததே. அச்சு ஐந்து பாகை தவறியிருந்தால், 125 மடங்கு பெருக்கத்தில் நடுவில் நிறுத்திய கோள் ஒன்பது பத்து நிமிடங்களில் பார்வைப் புலத்தை விட்டு வெளியேறிவிடக்கூடும். தனியாகப் பார்ப்பவர் திருகைச் சற்றே திருப்பிக்கொள்வார். வரிசையில் நாற்பது குழந்தைகள் நிற்கும்போது அது பெரும் தொல்லை.

2022ஆம் ஆண்டு கார்த்திகையில் ஒரு மாலை, சங்கத்துக் குடும்பங்கள் சனியைப் பார்க்க நம் மாடிக்கு வந்திருந்தன. பக்கத்து வீட்டு நண்பரின் தாயாரும் வர விரும்பினார். எழுபத்தெட்டு வயது, கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவர், சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றுபவர். ஏறுவதற்கு முன் அவருக்கு ஓர் ஐயம். "தம்பி, சனீஸ்வரனை நேருக்கு நேரா நின்னு பாக்கக்கூடாதும்பாங்களே?" என்றார். நம் தொலைநோக்கியில் வில்லை குழலின் பக்கவாட்டில் இருக்கிறது. "நேருக்கு நேர் இல்லை பாட்டி, ஓரமாக நின்று தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறினார். அவர் அமர்வதற்கு முக்காலி எடுத்துவர நாம் சென்று திரும்புவதற்குள், குழந்தைகள் வழிவிட, அவர் குனிந்து பார்த்துவிட்டார்.

"பார்த்துட்டேன் தம்பி. நல்லா இருக்கு. நீ தீர்க்காயுசா இருக்கணும்" என்று கூறி, இறங்கத் தொடங்கினார். நாம் வில்லையில் கண்ணை வைத்தோம். வெறும் இருட்டு. சனி எப்போதோ நழுவிவிட்டிருந்தது. மீண்டும் அவரை ஏறச் சொல்லுவது எப்படி? அவர் இரண்டாவது மாடியைத் தாண்டியிருந்தார்.

சில நாட்களுக்குப் பின்னர் நம் இல்லத்தரசி சமையலறையிலிருந்தபடி சொன்னாள்: "பாட்டி என்கிட்ட கேட்டாங்க. சனி கறுப்புதானே, அதான் கறுப்பாவே தெரிஞ்சுதான்னு." நாம் விடை சொல்லவில்லை. அதற்குள் மருத்துவர் அந்த அம்மையாருக்கு மாடி ஏறலாகாது என்று கட்டளையிட்டுவிட்டார். முழங்கால்.

மலைக்குப் போக முடியாதவருக்காக மலை இறங்கி வரத்தான் வேண்டும். தொலைநோக்கியைக் கீழே முற்றத்தில் வைப்பதென்று தீர்மானித்தோம். அங்கே தெற்கும், சைக்கிள் கொட்டகைக்கு மேலே கிழக்கும் திறந்திருக்கின்றன. வடக்கே நாம் குடியிருக்கும் கட்டடமே நிற்கிறது. தண்ணீர்த் தொட்டியாவது ஒரு மூலையை மறைத்தது. இதுவோ வடவானம் முழுவதையும் மறைத்தது.

துருவ விண்மீனைக் காணாமலே துருவ அச்சை நிறுத்த ஒரு பழைய முறை இருக்கிறது. நகர்வு முறை என்று சொல்லலாம். தெற்கே உச்சிவட்டத்தில், வான நடுவரைக்கு அருகில் உள்ள விண்மீன் ஒன்றைக் குறுக்குக் கம்பியில் நிறுத்தி, மோட்டாரை ஓடவிட்டுக் கவனிக்க வேண்டும். விண்மீன் மெல்லத் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் சாய்ந்திருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. திருத்திய பிறகு, கிழக்கு அடிவானத்துக்கு மேல் இருபது பாகை உயரத்தில் உள்ள வேறொரு விண்மீனைப் பிடிக்க வேண்டும். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. வில்லையில் எது வடக்கு என்று குழம்ப வேண்டியதில்லை. குழலை வடக்கு நோக்கி ஒரு நூல் தள்ளினால் புதிய விண்மீன்கள் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகின்றனவோ அதுவே வடக்கு. கால் பாகைத் தவறுக்குள் அச்சு வந்துவிட்டால், நகர்வு நிமிடத்திற்கு நான்கு விகலைக்கு மேற்படாது. நாம் பயன்படுத்தும் பெருக்கத்தில் மாலை முழுவதும் கோள் பார்வையை விட்டு அகலாது.

நான்கு விகலை நகர்வைக் கம்பி இல்லாத வெறும் வில்லையில் காண்பது அரிது. தானியங்கித் தாங்கி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு மூன்று விண்மீன்களை நடுவில் நிறுத்திக் கணினிக்கு வானத்தைக் காட்டுவதுதான் உங்கள் தேவை என்றால், இந்த வில்லையை வாங்கவே வேண்டாம். சிறு குவியத் தொலைவுள்ள சாதாரண வில்லையைப் போட்டு, விண்மீனை வேண்டுமென்றே தெளிவு கெடச் செய்யுங்கள். புள்ளி, வட்டத் தட்டாக விரியும். தட்டின் விளிம்புக்கும் புலத்தின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்கும்படி வைத்தால் நடு கிடைத்துவிடும். செலவு இல்லை. நகர்வு முறைக்குத்தான் கோடு இன்றியமையாதது.

கோட்டை நாமே கட்டிக்கொண்டால் என்ன என்று நம் மகள் கேட்டாள். பழைய வில்லை ஒன்றின் உள்வளையத்தில் அவள் தன் தலைமுடியையே ஒட்டிப் பார்த்தாள். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் முடியின் பருமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். நம் தொலைநோக்கியின் குவியத்தில் அது பத்தொன்பது விகலையை மறைக்கும். சனியின் உருண்டையே அந்த முடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்! மேலும், கரிய வானத்தில் கரிய முடி எங்கே தெரியப் போகிறது? பொழுது சாயும் வெளிச்சத்தில் தெரிந்தது, இருட்டியதும் மறைந்தது. சிலந்தி இழையின் மெல்லிமை ஏன் அவ்வளவு போற்றப்பட்டது என்பதை அன்று அவளும் நாமும் அறிந்துகொண்டோம்.

இருட்டில் கோட்டைக் காட்ட இரு வழிகள் உண்டு. பழைய நிலையங்களில் குழலின் உள்ளீடற்ற அச்சு வழியே விளக்கொளியைச் செலுத்திப் புலம் முழுவதையும் மங்கலாக வெளிச்சமாக்கினர். வெளிச்சத்தின் மேல் இழைகள் கருமையாகத் தோன்றின. இக்காலத்து வில்லையிலோ புலம் இருட்டாகவே இருக்க, கோடுகள் மட்டும் ஒளிர்கின்றன. இங்கே இழையும் இல்லை, கம்பியும் இல்லை. வட்டக் கண்ணாடித் தகடு ஒன்றில் மிக நுண்ணிய கீறல்கள். தகட்டின் விளிம்பிலிருந்து ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு ஒளியைப் பாய்ச்சுகிறது. வழுவழுப்பான பரப்பில் ஒளி கண்ணாடிக்குள்ளேயே ஓடிவிடும். கீறலில் பட்டால் மட்டும் சிதறிக் கண்ணுக்கு வரும். நிறம் சிவப்பு, இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு கெடுப்பதில்லை என்பதே காரணம். கார்டு கையில் உள்ள சிவப்பு விளக்குக்கும் இதற்கும் உறவில்லை.

இந்த விளக்குதான் தேர்வில் முதல் பரீட்சை. பம்பாயில் ஒரு கடையில், உள்ளறையை இருட்டாக்கச் சொல்லி மூன்று வில்லைகளைப் பார்த்தோம். முதல் வில்லையில் திருகைக் கடைசி வரை குறைத்த பின்பும் கோடுகள் திருவிழா விளக்குப் போல எரிந்தன. அத்தகைய வெளிச்சத்தில் மங்கலான விண்மீன் எங்கே தெரியும்? அதனை உடனே ஒதுக்கினோம். எவ்வளவு பிரகாசம் தருகிறது என்று கேட்பதில் பயனில்லை. எவ்வளவு மங்கலாக எரிய முடியும் என்றே பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் கோடு நிற்கும் அளவுக்குக் குறைய வேண்டும். சிலவற்றில் விளக்கு விட்டு விட்டு எரியும் ஏற்பாடும் உண்டு. அணைந்திருக்கும் கணத்தில் விண்மீனையும், எரியும் கணத்தில் கோட்டையும் காணலாம். நல்ல யுக்திதான், நமக்கு ஏனோ அது கண்ணைச் சிமிட்டுவது போலிருந்தது.

இரண்டாவது, கோட்டின் அமைப்பு. ஒற்றைச் சிலுவையாக இரண்டே கோடுகள் உள்ள வில்லை மலிவு. ஆனால் விண்மீன் நடுவுக்கு வந்ததும் கோட்டில் கரைந்துவிடுகிறது. இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிவதில்லை. இரட்டைக் கோடுகள் உள்ளதில், குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு ஓடி நடுவில் ஒரு சிறு சதுரக் கட்டத்தை விடுகின்றன. கோலத்தின் நடுப்புள்ளி போல விண்மீன் அதனுள் அமர்கிறது. அது ஒரு பக்கத்துக் கோட்டை நெருங்குவதைக் கண் உடனே உணர்கிறது. நாம் எடுத்தது இதைத்தான். அளவுகோலும் கோணமானியும் பொறித்த மூன்றாவது வகையைக் கடைக்காரர் மிகவும் புகழ்ந்தார். இரட்டை விண்மீன்களின் இடைவெளியை அளக்கும் அன்பர்களுக்கு அது தக்கது. சனியை ஒரு பாட்டிக்குக் காட்ட விரும்புபவருக்கு அத்தனை கோடுகள் எதற்கு?

குவியத் தொலைவில் 9, 12.5, 20 மில்லிமீட்டர் என்று பல உண்டு. குறைந்தால் பெருக்கம் கூடும். கண்ணை வில்லையோடு ஒட்ட வைக்க நேரும். 12.5 மில்லிமீட்டர் வில்லை நம் குழலில் அறுபது மடங்கு தரும். பார்லோ வில்லையைச் சேர்த்தால் நூற்றிருபது. நடுத்தரமே போதும் என்று அமைந்தோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்ற முடியாத அன்பர்கள், கண்ணுக்கும் வில்லைக்கும் இருக்க வேண்டிய தூரத்தைக் கேட்டு வாங்குவது நலம். 12.5 மில்லிமீட்டர் ப்ளாசல் வகையில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

மூன்றாவது பரீட்சையை நமக்குக் கற்பித்தவர், இருப்புப் பாதைப் பிரிவில் மட்டக் கருவியோடு வெயிலில் நிற்கும் நண்பர் ஒருவர். "முதல்ல கம்பியைத் தெளிவாக்கிக்குங்க, அப்புறம்தான் எதிரே பாக்கணும்" என்பது அவர் தொழில் மந்திரம். வில்லையின் மேற்பகுதியைச் சுழற்றினால் கோடுகள் அவரவர் கண்ணுக்கேற்பக் கூர்மையாக வேண்டும். சுழலாத வில்லையை வாங்காதீர்கள். கோடு தெளிவான பின்பே தொலைநோக்கியின் திருகால் விண்மீனைத் தெளிவாக்க வேண்டும். பிறகு தலையைச் சிறிது இப்படியும் அப்படியும் அசைத்தால், விண்மீன் கோட்டை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் இல்லை என்று பொருள். காணும் நகர்வு வானத்தில் உள்ளதன்று, நம் தலையில் உள்ளது.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நம் வீட்டில் அது ஏறக்குறைய இரண்டு மாத மளிகைக் கணக்கு. ஆயுத பூஜைக்கு முன் வரும் போனஸில் மகளின் பள்ளிக் கட்டணமும் ஊர்ப் பயணமும் போக மிஞ்சுவது எல்லோரும் அறிந்ததே. வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சை 2023 புரட்டாசி வரை நாம் வீட்டில் எடுக்கவேயில்லை. ஓரிரவு இல்லத்தரசியே சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "என்னங்க, அந்தக் கோடு போட்ட கண்ணாடியை வாங்கிடுங்க. அந்தப் பாட்டி இன்னும் சனி கறுப்புன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க. கேக்கவே என்னவோ போல இருக்கு" என்றாள்.

2023 நவம்பர் நடுவில் ஒரு மாலை ஆறே முக்கால் மணிக்கு முற்றத்தில் தொடங்கினோம். அந்த வேளையில் கும்ப மண்டலத்துச் சதல்மெலிக் என்னும் விண்மீன் நேர் தெற்கே நிற்கும். வான நடுவரையை ஒட்டியே இருப்பதால் இந்த வேலைக்கென்றே படைக்கப்பட்டது போன்ற விண்மீன் அது. கட்டத்தினுள் அமர்த்தினோம். நான்கு நிமிடத்தில் அது தெற்குக் கோட்டைத் தொட்டது. அச்சைச் சிறிது மேற்கே திருப்பினோம். மறுபடியும் தெற்கு, ஆனால் மெதுவாக. நான்காம் தடவை கட்டத்தை விட்டு அசையவில்லை. ஏழு மணி கடந்ததும் திமிங்கில மண்டலத்து மென்கர் கொட்டகைக்கு மேலே வந்தது. அதைக் கொண்டு உயரத்தைச் சரிசெய்தோம். எல்லாம் முடிய ஐம்பது நிமிடம். மகள் ஒவ்வொரு நகர்வையும் கையேட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். கொசுக்கடி தாங்காமல் இருமுறை உள்ளே ஓடினாள்.

கோடுள்ள வில்லையை எடுத்துவிட்டு, 25 மில்லிமீட்டர் வில்லையைப் பார்லோவுடன் போட்டோம். பெருக்கம் அறுபதுதான். ஆனால் கண்ணை ஒட்ட வைக்க வேண்டியதில்லை. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது பெரிய வசதி. சனியை நடுவில் நிறுத்தி மோட்டாரை ஓடவிட்டு, நாற்காலியைப் போட்டுப் பாட்டியை அழைத்தோம்.

அவர் வந்து அமர்வதற்கே ஐந்து நிமிடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, முந்தானையில் முடிந்து, மறுபடி அவிழ்த்து மருமகளிடம் கொடுப்பதற்கு இரண்டு நிமிடம். எந்தக் கண்ணை மூடுவது என்று தீர்மானிப்பதற்கு மேலும் சிறிது நேரம். சனி எங்கும் போகவில்லை. பிறகு அவர் பேசவில்லை. அவ்வாண்டு மோதிரம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. உருண்டையின் இருபுறமும் மெல்லிய காதுகளைப் போல நின்றது. நெடுநேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே, "கறுப்பு இல்லடா தம்பி. சந்தனம் மாதிரி இருக்கான். தோடு போட்டிருக்கான்" என்றார். அன்று அவர் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்தார். வரிசையில் நின்ற சிறுவர்கள் முனகத் தொடங்கியபோது, மகள்தான் அவர்களை அதட்டினாள்.

இந்த வில்லையை வாங்குவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள் மீதமிருக்கின்றன. விளக்குத் துண்டில் உள்ள கைக்கடிகார மின்கலம் சிறியது. வேலை முடிந்ததும் திருகு 'டக்'கென்று ஒலிக்கும் வரை திருப்பி அணைக்க வேண்டும். துண்டையே கழற்றித் தனியே வைப்பது இன்னும் நல்லது. கீறல் தகட்டில் படியும் தூசு, கோட்டோடு சேர்ந்து சிவப்பாக ஒளிரும். அதைத் துடைக்கலாம் என்று வில்லையைப் பிரிக்காதீர்கள். உள்ளே மற்றொரு தூசு சேருமே ஒழிய முதல் தூசு போகாது.

மழைக்காலம் தவிர்த்த மாதங்களில், இரண்டாம் சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு மேல் தொலைநோக்கி முற்றத்தில் இருக்கும். அதற்கு முன்பே வருபவர்கள் அச்சை நிறுத்தும் வேலையையும் பார்க்கலாம். முதியோர்க்கு நாற்காலிகள் இரண்டு உள்ளன. அதற்கு மேற்பட்டவர்கள் வருவதாயின் தம் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவரக் கோருகிறோம்.